ஜிஆர்பிசி அழைப்பு தோற்றால் எங்கே தேடுவது: அறிகுறி வாரியாக

ஒரு புரோகிராம் நெட்வொர்க் வழியே இன்னொரு புரோகிராமின் ஃபங்க்ஷனை அழைக்க உதவுவது ஜிஆர்பிசி. அதில் அழைப்பு ஒன்று தோற்கும்போது கையில் கிடைப்பது ஓர் எண்ணும் ஒரு வரிச் செய்தியும்தான். எண் 0 என்றால் வெற்றி, 1 முதல் 16 வரை எதுவானாலும் தோல்வி. உடனே பட்டியலைத் திறந்து அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பார்ப்பதுதான் வழக்கம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்த எண்ணை எழுதியது யார்? உங்கள் சர்வர் கோடா, ஜிஆர்பிசி லைப்ரரியா, நடுவில் நின்று அழைப்புகளைக் கைமாற்றும் ப்ராக்ஸியா? 14-ஆம் எண்ணான அன்அவைலபிளை இந்த மூவரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியவர் மாறினால் தேட வேண்டிய இடமும் மாறிவிடும்.

இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. 3, 5, 6, 9, 10, 11, 15 ஆகிய ஏழு எண்களை லைப்ரரி தானாக ஒருபோதும் உருவாக்காது. இன்வேலிட் ஆர்கியுமென்ட், நாட் ஃபவுண்ட், ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ், ஃபெயில்ட் ப்ரீகண்டிஷன், அபார்டட், அவுட் ஆஃப் ரேஞ்ச், டேட்டா லாஸ் என்பவை அவை. இவற்றில் ஒன்று வந்தால் யாரோ ஒரு மனிதர் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கோடில் எழுதியிருக்கிறார். நெட்வொர்க்கைக் குடைய வேண்டாம், சர்வர் கோடைத் திறங்கள். தலைவலி தருபவை மற்றவைதான், குறிப்பாக 1, 2, 4, 8, 14. கீழே உள்ளதெல்லாம் பெரும்பாலும் அவற்றைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் கோ மொழியை ஒட்டியவை. ஜாவா, பைத்தான் வேறுபடும் இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

கிளையன்ட் “டெட்லைன் எக்சீடட்” என்கிறது, சர்வர் லாகில் எல்லாம் சரியாக முடிந்திருக்கிறது

இரண்டும் உண்மையாக இருக்கலாம். டெட்லைன் (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) வைத்த கிளையன்ட் தன் கடிகாரத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. நேரம் முடிந்ததும் சர்வரிடம் கேட்காமலேயே 4-ஆம் எண்ணைத் தன் கோடுக்குக் கொடுத்துவிடும். அதே நேரத்தில் சர்வர் வேலையை முடித்து, பதிலை அனுப்பி, 0 என்று லாக் எழுதியிருக்கும். பதில் வழியில் இருக்கும்போதே கேட்டவர் எழுந்து போய்விட்டார், அவ்வளவுதான். ஜிஆர்பிசியில் அழைப்பின் முடிவை இரு முனையும் தனித்தனியாகத் தீர்மானிக்கின்றன, இரண்டும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே டெட்லைன் எக்சீடட் வந்தால் “நடக்கவில்லை” என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. “நடந்ததா என்று தெரியாது” என்பதே சரி. பணம் பிடிக்கும் அழைப்பில் இந்த வேறுபாடு பெரிது: 4 வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அழைத்தால் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் போகும். மாற்றம் செய்யும் ஒவ்வொரு அழைப்பிலும் கிளையன்ட் ஒரு தனித்த கோரிக்கை அடையாளத்தை அனுப்ப வேண்டும். அதே அடையாளம் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். டெட்லைனை எவ்வளவு நன்றாக அமைத்தாலும் இதற்கு மாற்று கிடையாது.

அடுத்து, நேரம் எங்கே போனது என்று பாருங்கள். சர்வர் லாகில் அந்த அழைப்பே இல்லை என்றால் அது அங்கே போய்ச் சேரவே இல்லை, அல்லது சேர்ந்து வரிசையில் நின்றிருக்கிறது. கோ கிளையன்டின் பிழைச் செய்தியில் “லேட்டஸ்ட் பேலன்ஸர் எரர்” என்ற சொற்கள் இருந்தால் இணைப்பு அமையும்முன்பே நேரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். உண்மைக் காரணம் அதற்குப் பின்னால் வரும் வரியில் இருக்கும், முழுச் செய்தியையும் படியுங்கள். இணைப்பு தயாராகும்வரை பொறுத்திருக்கச் சொல்லும் “வெயிட் ஃபார் ரெடி” அமைப்பைப் போட்டிருந்தால், வழக்கமாக உடனே 14 என்று தோற்க வேண்டிய அழைப்பு டெட்லைன் வரை காத்திருந்து 4 என்று தோற்கும். அதைப் பார்த்துவிட்டு “சர்வர் மெதுவாக இருக்கிறது” என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. பைத்தானின் சாதாரண சர்வரில் இன்னொரு சாத்தியம்: எல்லா திரெட்களும் பிஸியாக இருந்தால் புதிய அழைப்பு வரிசையில் நிற்கும், அழைப்பைக் கையாளும் ஃபங்க்ஷனான ஹேண்ட்லர் தொடங்கும்போதே டெட்லைன் தாண்டியிருக்கும்.

தோல்வி எப்போதும் ஒரே செகண்டில் வருகிறதா என்றும் பாருங்கள். மெதுவான சர்வருக்கு அத்தனை ஒழுங்கு கிடையாது, யாரோ நிர்ணயித்த எல்லை அது. நீங்கள் வைத்த டெட்லைன் 30 செகண்ட், அழைப்பு சரியாக 15-இல் 14 என்று விழுகிறது என்றால் நடுவில் என்வாய் என்ற ப்ராக்ஸி இருக்கிறதா பாருங்கள். அதன் ரூட் டைம்அவுட் முன்னிருப்பாக 15 செகண்ட். 60-இல் விழுந்தால் இன்னொரு ப்ராக்ஸியான என்ஜின்எக்ஸின் ஜிஆர்பிசி ரீட் டைம்அவுட் மீது சந்தேகப்படலாம்.

பயன்படும் லாக் வரி எப்படி இருக்க வேண்டும்? இரு முனையிலும் மெதட் பெயர், ஸ்டேட்டஸ், எடுத்த நேரம், கோரிக்கை அடையாளம் இவை வேண்டும். சர்வர் பக்கம் இன்னொன்று: அழைப்பு வந்த நொடியில் டெட்லைனுக்கு எவ்வளவு நேரம் மீதி இருந்தது என்பது. இந்த ஒரு எண்ணைப் பலர் எழுதுவதில்லை. 2 செகண்ட் டெட்லைனோடு கிளம்பிய அழைப்பு 40 மில்லிசெகண்ட் மீதியோடு மூன்றாவது சர்வீஸுக்கு வந்து சேர்ந்தால், அந்த மூன்றாவது சர்வீஸை வேகப்படுத்தி என்ன பயன்?

டெட்லைன் வழியில் எப்படிப் பயணிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு இயந்திரங்களின் கடிகாரமும் ஒத்துப்போகாது என்பதால் “இத்தனை மணிக்குள்” என்று அனுப்பாமல் “இன்னும் இவ்வளவு நேரம்” என்று டைம்அவுட் ஹெடரில் எழுதுகிறார்கள். அலகு ஓர் எழுத்து: சிறிய எம் என்றால் மில்லிசெகண்ட், பெரிய எம் என்றால் நிமிடம். கையால் எழுதிய கிளையன்டோ கேட்வேயோ இருந்தால் இந்த எழுத்தை ஒருமுறை சரிபாருங்கள். 500 மில்லிசெகண்ட் 500 நிமிடமாகிவிட்டால் எந்தப் பிழையும் வராது, எதுவும் நிற்காது, அவ்வளவே.

கோ மொழியில் டெட்லைனையும் ரத்தையும் சுமந்து செல்வது காண்டெக்ஸ்ட். வந்த காண்டெக்ஸ்டையே அடுத்த அழைப்புக்குக் கொடுத்தால் மீதி நேரம் தானாகப் போய்ச் சேரும். ஜாவாவிலும் அப்படியே. சி++ இல் முன்னிருப்பாகப் போகாது, சர்வர் காண்டெக்ஸ்டிலிருந்து கிளையன்ட் காண்டெக்ஸ்டை உருவாக்கச் சொல்ல வேண்டும். பைத்தானில் மீதி நேரத்தைக் கேட்டு வாங்கி அடுத்த அழைப்பின் டைம்அவுட்டாக நீங்களே கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

டெட்லைனே வைக்கவில்லை என்றால்? ஜிஆர்பிசியின் முன்னிருப்பு அதுதான்: எல்லையே கிடையாது, பதில் வரும்வரை காத்திருக்கும். இது மறதியால் வந்த வழக்கமும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆர்பிசியை (தொலைவிலுள்ள ப்ரொசீஜரை அழைக்கும் முறையை) வடிவமைத்தவர்கள், உள்ளூர் ப்ரொசீஜருக்கு டைம்அவுட் கிடையாது என்பதால் இதற்கும் வேண்டாம் என்றே முடிவெடுத்தார்கள். எதிர்முனை உயிரோடு இருக்கிறது என்று தெரியும்வரை காத்திருப்பது அவர்கள் முறை. இன்றைய சர்வீஸ் சங்கிலிகளுக்கு அது ஒத்துவராது. கோரூட்டீன் (கோவின் இலகுவான திரெட்) எண்ணிக்கை மெல்ல ஏறிக்கொண்டே போகிறது, பிழை எதுவும் லாகில் இல்லை என்றால் முதலில் டெட்லைன் இல்லாத அழைப்பைத் தேடுங்கள்.

“டைம்அவுட்டை ஏத்திடுங்க” என்ற வைத்தியம் எல்லா அலுவலகத்திலும் கேட்கும். வரிசை நிரம்பியதால் தாமதம் என்றால் டைம்அவுட்டைக் கூட்டுவது வரிசையை இன்னும் நீளமாக்கும். உண்மையிலேயே அதிக நேரம் எடுக்கும் வேலை என்று அளந்து பார்த்த பிறகு கூட்டுங்கள், தப்பில்லை.

சர்வர் லாக் முழுக்க “கேன்சல்ட்”

1-ஆம் எண் தனியாகப் பார்த்தால் பிழையே இல்லை. பயனர் செயலியை மூடினார், தேடல் பெட்டியில் அடுத்த எழுத்தைத் தட்டினார், பழைய கோரிக்கை ரத்தானது. நல்லதுதான். அதற்கு நடுராத்திரியில் அலாரம் அடிக்க வைத்திருந்தால் அலாரத்தை எடுங்கள். ஆனால் யார் கேன்சல் செய்தார்கள் என்று விளக்க முடியாத கேன்சல்ட் கவனிக்க வேண்டியது.

முதல் சந்தேகம் டெட்லைன். கிளையன்டின் நேரம் முடிந்ததும் அது ஸ்ட்ரீமை (அழைப்பு ஓடும் தடத்தை) முறித்து சர்வருக்குச் சொல்லும். சர்வரின் சொந்த டைமர் முந்தினால் அங்கே 4 தெரியும், முறிப்புச் செய்தி முந்தினால் 1 தெரியும். எனவே சர்வரில் தெரியும் எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. கேன்சல் ஆன நொடியில் டெட்லைனுக்கு மீதி எவ்வளவு என்று எழுதுங்கள். மீதி பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அது டெட்லைன். 8 செகண்ட் மீதி இருக்கும்போதே வந்தால் யாரோ உண்மையிலேயே கேன்சல் செய்திருக்கிறார்கள்.

அந்த யாரோ பெரும்பாலும் உங்கள் கோடேதான். நான்கு வடிவங்களில் வரும்.

ஹேண்ட்லர் பதில் கொடுத்துத் திரும்பியதும் அதன் காண்டெக்ஸ்ட் ரத்தாகிவிடும். திரும்பும் முன் “மெயில் அனுப்பு” என்று ஒரு கோரூட்டீனை அதே காண்டெக்ஸ்டோடு கிளப்பிவிட்டிருந்தால், அந்தக் கோரூட்டீன் செய்யும் அழைப்பு கேன்சல்ட் என்று விழும். சில நேரம் மெயில் போகும், சில நேரம் போகாது, யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து. சோதனைச் சூழலில் எப்போதும் போகும், அதுதான் எரிச்சல். கோ 1.21-இல் வந்த “வித்அவுட் கேன்சல்” மூலம், டிரேஸ் (கோரிக்கை சர்வீஸ்களைக் கடந்து போன தடம்) அடையாளம் போன்ற மதிப்புகளை வைத்துக்கொண்டு ரத்தை மட்டும் கழற்றிவிடலாம். கழற்றிய கையோடு புதிய டைம்அவுட் ஒன்றையும் போடுங்கள், இல்லையென்றால் எல்லையில்லாமல் ஓடும். ஜாவாவில் இதே சிக்கல் “காண்டெக்ஸ்ட் வாஸ் கேன்சல்ட் விதவுட் எரர்” என்ற விநோதமான செய்தியோடு வரும். அங்கே காண்டெக்ஸ்டை ஃபோர்க் செய்து அதற்குள் ஓட்டினால் சரியாகும்.

இரண்டாவது, கோரூட்டீன்களைக் குழுவாக ஓட்டும் எரர்குரூப். ஐந்து அழைப்புகளை ஒன்றாகக் கிளப்புகிறீர்கள், ஒன்று தோற்றதும் மற்ற நான்கும் ரத்தாகின்றன. லாகில் நான்கு கேன்சல்ட், ஒரே ஒரு உண்மைப் பிழை. எச்சரிக்கை அமைப்பு எண்ணிக்கையைப் பார்த்து “கேன்சல்ட் அதிகம்” என்று கத்தும். நேரவரிசையில் முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். கோ 1.20 முதல் காண்டெக்ஸ்டிடம் ரத்துக்கான காரணத்தைக் கேட்டு வாங்கலாம். லாகில் அதையும் சேர்த்து எழுதினால் பாதி வேலை மிச்சம்.

மூன்றாவது சின்னது, ஆனால் கண்ணில் படாது. ஸ்ட்ரீமைத் திறந்து திருப்பித் தரும் ஒரு துணை ஃபங்க்ஷன் எழுதுகிறீர்கள். அதற்குள் டைம்அவுட் காண்டெக்ஸ்ட் உருவாக்கி, நல்ல பழக்கமாக டிஃபர் கேன்சல் (ஃபங்க்ஷன் முடியும்போது ரத்து செய்) போடுகிறீர்கள். ஃபங்க்ஷன் திரும்பியதும் கேன்சல் ஓடிவிடும், முதல் ரிசீவிலேயே ஸ்ட்ரீம் செத்திருக்கும். கேன்சலை அழைத்தவரிடமே கொடுத்துவிடுங்கள், அல்லது காண்டெக்ஸ்டை வெளியே உருவாக்குங்கள்.

நான்காவது: உங்களை அழைத்த சர்வீஸே அதன் கிளையன்டால் ரத்து செய்யப்பட்டிருக்கிறது, அந்த ரத்து உங்கள்வரை வந்திருக்கிறது. இது வடிவமைப்பின்படி சரி. டிரேஸில் மேலே ஏறிப் போய் முதல் ரத்து எங்கே தொடங்கியது என்று பார்த்தால் போதும்.

கிளையன்ட் போய்விட்டது, சர்வர் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது

அறிகுறி: டெட்லைன் பிழைகள் கூடக்கூட சிபியுவும் டேட்டாபேஸ் சுமையும் குறையாமல் ஏறுகின்றன. யாரும் காத்திருக்காத பதில்களைச் சர்வர் தயாரித்துக்கொண்டிருக்கிறது. ஹோட்டலில் ஆர்டரை ரத்து செய்த பிறகும் அடுப்பில் தோசை விழுந்துகொண்டே இருப்பது போல.

இங்கே பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு, லைப்ரரி கேன்சல் செய்தால் ஹேண்ட்லர் நின்றுவிடும் என்று. நிற்காது. லைப்ரரி ஒரு கொடியை உயர்த்தும், அவ்வளவுதான். அதைப் பார்த்து நிற்பது உங்கள் கோடின் வேலை. கோவில் காண்டெக்ஸ்டின் டன் சேனல் மூடப்படும். ஜாவாவில் காண்டெக்ஸ்டில் ரத்துக்குச் செவிசாய்க்கும் லிசனர் வைக்கலாம். பைத்தானின் திரெட் சர்வரில் ஹேண்ட்லர் திரெடை யாரும் தடுக்க மாட்டார்கள், அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே இடையிடையே கேட்க வேண்டும், அல்லது முடிவின்போது ஓடும் கால்பேக் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும்.

கோடில் முதலில் தேட வேண்டியது காண்டெக்ஸ்ட் பேக்கிரவுண்ட், அதாவது டெட்லைனோ ரத்தோ இல்லாத வெற்றுக் காண்டெக்ஸ்ட். ஹேண்ட்லருக்குள் எங்காவது அதைப் புதிதாக உருவாக்கிக் கீழே அனுப்பியிருந்தால் சங்கிலி அங்கே அறுந்துவிட்டது. பெரும்பாலும் “கேன்சல்ட் பிழை வருது, இதைப் போட்டா சரியாகுது” என்று யாரோ போட்டதாக இருக்கும். அடுத்து, காண்டெக்ஸ்ட் ஏற்காத டேட்டாபேஸ் அழைப்புகள். குவெரிக்குக் காண்டெக்ஸ்ட் கொடுக்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். அப்போதும் ஒரு ஓட்டை மிஞ்சலாம்: கோவின் மைஎஸ்க்யூஎல் டிரைவர் ரத்தானதும் இணைப்பை மூடும், ஆனால் டேட்டாபேஸ் பக்கம் அந்தக் குவெரி ஓடிக்கொண்டே இருக்கக்கூடும். டேட்டாபேஸிலேயே குவெரிக்கு உச்ச நேரம் வைப்பது அதற்கான அரண். போஸ்ட்கிரெஸில் ஸ்டேட்மென்ட் டைம்அவுட் அந்த வேலையைச் செய்யும். மூன்றாவது, கணக்கு மட்டும் போடும் நீண்ட லூப். ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை காண்டெக்ஸ்டைப் பார்த்தால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் பார்க்க வேண்டியதில்லை.

சோதிக்க எளிய வழி: ஜிஆர்பிசிகர்ல் கருவியில் அதிகபட்ச நேரத்தை 1 செகண்ட் என்று வைத்து, 20 செகண்ட் ஓடும் அழைப்பு ஒன்றைக் கிளப்புங்கள். சர்வரில் ஹேண்ட்லர் முடிந்த நேரத்தைப் பாருங்கள். 20-ஆவது செகண்டில் முடிந்தால் கேன்சல் உள்ளே போகவில்லை.

அப்புறம், நின்றால் மட்டும் போதாது. கேன்சல் எதையும் பின்வாங்காது. பாதி எழுதிய கோப்பு, பிடித்துவைத்த பூட்டு, குறைத்த ஸ்டாக் எண்ணிக்கை எல்லாம் அப்படியே இருக்கும். சுத்தம் செய்யும் கோடை எழுதுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: ரத்தான அதே காண்டெக்ஸ்டோடு “பூட்டை விடுவி” என்று வேறு சர்வீஸை அழைத்தால் அந்த அழைப்பும் உடனே கேன்சல்ட். பூட்டு விடுபடாது. சுத்தம் செய்வதற்கு ரத்தை உதறிய, சிறிய டைம்அவுட் கொண்ட காண்டெக்ஸ்ட் தனியாக வேண்டும்.

எல்லா வேலையையும் பாதியில் நிறுத்த வேண்டும் என்பதும் இல்லை. பணப் பரிமாற்றத்தில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் முடித்துவிடுவதே நல்லது. எந்த வரிக்குப் பிறகு ரத்தைக் காதில் வாங்க வேண்டாம் என்று கோடில் தெளிவாகக் குறித்துவிடுங்கள்.

அவ்வப்போது “அன்அவைலபிள்”, மறுபடி அழைத்தால் சரியாகிறது

செய்தியின் வாலைப் படியுங்கள். “கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்டு” என்றால் அந்த போர்ட்டில் யாருமில்லை. “ஃபர்ஸ்ட் ரெக்கார்ட் டஸ் நாட் லுக் லைக் எ டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்” என்றால் கிளையன்ட் டிஎல்எஸ் (மறையாக்கிய இணைப்பு) பேசுகிறது, சர்வர் பேசவில்லை. “சர்வர் ப்ரிஃபேஸ்” படிக்கும்போது இணைப்பு மூடியது என்றால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. இவை அவ்வப்போது வராது, எப்போதும் வரும். அவ்வப்போது வருவது “எரர் ரீடிங் ஃப்ரம் சர்வர்: இஓஎஃப்” வகை, இருந்த இணைப்பு நடுவில் அறுந்தது.

சற்று நேரம் சும்மா இருந்த பிறகு வரும் முதல் அழைப்பு மட்டும் தோற்கிறதா? நடுவிலுள்ள லோட் பேலன்ஸர் பேச்சில்லாத இணைப்பை மறந்துவிட்டது. ஏடபிள்யூஎஸ் நெட்வொர்க் லோட் பேலன்ஸரின் முன்னிருப்பு எல்லை 350 செகண்ட், அஸூரில் 4 நிமிடம். மருந்து, இணைப்பை உயிரோடு வைக்க அனுப்பும் கீப்அலைவ் பிங், ஆனால் அளவு தவறினால் அதுவே நோயாகும். கோ சர்வர் முன்னிருப்பாக 5 நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் பிங் வருவதை விரும்பாது, ஓடும் அழைப்பு எதுவும் இல்லாதபோது வரும் பிங்கையும் ஏற்காது. மீறினால் “டூ மெனி பிங்ஸ்” என்று சொல்லி இணைப்பையே மூடிவிடும். 30 செகண்டுக்கு ஒரு பிங் என்று கிளையன்டில் மட்டும் மாற்றிவிட்டு அன்அவைலபிள் கூடிவிட்டதே என்று விழிப்பவர்கள் இங்கே பார்க்க வேண்டும். அஸூர் எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் சர்வரின் குறைந்தபட்ச இடைவெளியையும் சேர்த்தே குறைக்க வேண்டும்.

புது வெர்ஷன் ஏற்றும் நேரத்தில் மட்டும் வருகிறதா? பழைய பாட் (சர்வர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் உங்கள் சர்வர் ஓடும் அலகு) மென்மையாக இறங்கவில்லை. குபர்னெட்டிஸ் “முடித்துக்கொள்” என்ற டெர்ம் சிக்னல் அனுப்புவதும் அந்த பாடைப் பட்டியலிலிருந்து எடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, ஒன்றுக்காக இன்னொன்று காத்திருப்பதில்லை. சிக்னல் வந்ததும் சில செகண்ட் பொறுத்து, பிறகு கிரேஸ்ஃபுல் ஸ்டாப்பை அழைக்கலாம். அது நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் முடியும்வரை காத்திருக்கும். முடிவில்லாத ஸ்ட்ரீம்கள் இருந்தால் அதுவும் முடிவில்லாமல் காத்திருக்கும், குபர்னெட்டிஸ் முன்னிருப்பாக 30 செகண்டில் கொன்றுவிடும். ஆகவே பக்கத்தில் ஒரு டைமர் வைத்து, நேரம் போனால் சாதாரண ஸ்டாப்பை அழையுங்கள்.

இனி ரீட்ரை, அதாவது மறுமுயற்சி. சர்வீஸ் கான்ஃபிக்கில் ரீட்ரை கொள்கை எழுதலாம். அதிகபட்ச முயற்சியை 5-க்கு மேல் எழுதினாலும் முன்னிருப்பாக 5 ஆகவே எடுத்துக்கொள்ளும். பதிலின் ஹெடர் வந்துவிட்ட பிறகு லைப்ரரி ரீட்ரை செய்யாது, நடுவில் அறுந்த ஸ்ட்ரீமைத் தொடர்வது உங்கள் பொறுப்பு. எல்லா முயற்சிக்கும் சேர்த்து ஒரே டெட்லைன்தான். எதை மறுமுயற்சி செய்வது என்பதில் என் கருத்து: 14-ஐச் செய்யலாம், அழைப்பை இரண்டு முறை செய்தாலும் விளைவு ஒன்றே என்றால். 4-ஐ வேண்டாம். 10 (அபார்டட்) வந்தால் அந்த ஒரு அழைப்பை அல்ல, முழுப் பரிவர்த்தனையையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். 9 (ஃபெயில்ட் ப்ரீகண்டிஷன்) வந்தால் நிலைமையைச் சரிசெய்யாமல் எத்தனை முறை தட்டினாலும் கதவு திறக்காது.

ரீட்ரை போட்ட பிறகு நிலைமை மோசமானால் அடுக்குகளை எண்ணுங்கள். மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் 4 முயற்சி என்றால் ஒரு பயனரின் ஒரு தட்டல் கடைசி சர்வீஸில் 64 அழைப்புகளாக விழலாம். அதுவும் அந்தச் சர்வீஸ் ஏற்கெனவே திணறும் நேரத்தில். ஒரே அடுக்கில் மட்டும் ரீட்ரை வையுங்கள், ரீட்ரை த்ராட்லிங்கையும் போடுங்கள். தோல்வி அதிகமானால் அது மறுமுயற்சியைத் தானே நிறுத்திவைக்கும்.

“அன்நோன்”, “இன்டர்னல்”, “அன்இம்ப்ளிமென்டட்”

2 (அன்நோன்) வந்தால் முதல் ஊகம்: ஹேண்ட்லர் ஸ்டேட்டஸ் இல்லாத சாதாரணப் பிழையைத் திருப்பியிருக்கிறது. கோவில் வெறும் எரர், ஜாவாவில் பிடிபடாத எக்ஸப்ஷன், பைத்தானில் “எக்ஸப்ஷன் காலிங் அப்ளிகேஷன்” என்ற செய்தி. எல்லை ஓரத்தில் எல்லா அழைப்பையும் இடைமறிக்கும் ஓர் இன்டர்செப்டர் வைத்து உள்பிழைகளைச் சரியான எண்ணுக்கு மாற்றுங்கள். உள்ளே அழைத்த சர்வீஸின் எண்ணை அப்படியே மேலே தள்ளாதீர்கள். கீழே இருந்து வந்த நாட் ஃபவுண்டை மேலே அனுப்பினால் “ஆர்டர் இல்லை” என்று கிளையன்ட் நினைக்கும், காணாமல் போனது ஏதோ கான்ஃபிக் வரியாக இருக்கும்.

12 (அன்இம்ப்ளிமென்டட்) வந்தால் சர்வீஸை வரையறுக்கும் ப்ரோட்டோ கோப்பில் பேக்கேஜ் பெயர் மாறியதா, சர்வீஸைப் பதிவு செய்ய மறந்தீர்களா என்று பாருங்கள். ப்ராக்ஸி கொடுத்த எச்டிடிபி 404-ஐயும் லைப்ரரி 12 என்றே மொழிபெயர்க்கும். 502, 503, 504 என்றால் 14. 400 என்றால் 13 (இன்டர்னல்). உங்கள் சர்வர் எழுதாத 13 வந்தால் ப்ராக்ஸியைப் பாருங்கள்.

“ரிசோர்ஸ் எக்ஸாஸ்டட்”, ஆனால் மெமரி நிறைய இருக்கிறது

இது 8-ஆம் எண். பெயர் ஏமாற்றும். அதிகம் வருவது செய்தி அளவு: பெறும் பக்கத்தின் முன்னிருப்பு எல்லை 4 எம்பி. பிழைச் செய்தியில் 4194304 என்ற எண் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். எல்லையை உயர்த்துவதைவிடப் பக்கம் பக்கமாக அனுப்புவதோ ஸ்ட்ரீமாக்குவதோ நல்லது.

தமிழில் பிழைச் செய்தி அனுப்புபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஸ்டேட்டஸ் செய்தி, பதிலின் முடிவில் வரும் டிரெய்லரில் விழுக்காட்டுக் குறியாக்கத்தில் போகிறது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், குறியாக்கிய பின் ஒவ்வொன்றுக்கும் 9. “பணம் போதவில்லை” என்ற இரண்டு சொல் 13 குறியீடும் ஓர் இடைவெளியும், மொத்தம் 118 பைட். ஜாவாவில் மெட்டாடேட்டாவின் (ஹெடர், டிரெய்லர்) முன்னிருப்பு எல்லை 8 கிலோபைட். ஆகத் தமிழில் ஏறக்குறைய 900 குறியீடுகள் போனால் இடம் தீர்ந்துவிடும். ஸ்டாக் டிரேஸையும் சேர்த்துச் செய்தியில் திணித்தால் இன்னும் சீக்கிரம். எல்லை தாண்டினால் கிளையன்டுக்கு நீங்கள் அனுப்பிய பிழை போய்ச் சேராது, அளவு மீறியது என்ற வேறொரு பிழைதான் தெரியும். செய்தியில் குறுகிய ஆங்கிலக் குறிப்பு மட்டும் வையுங்கள். காரணக் குறியை எரர்இன்ஃபோவிலும், பயனர் படிக்க வேண்டிய தமிழை லோக்கலைஸ்டு மெசேஜிலும் வைத்து ஸ்டேட்டஸ் விவரப் பகுதியில் அனுப்பலாம். அது பேஸ்64இல் போவதால் மூன்றில் ஒரு பங்குதான் வீங்கும். கிளையன்ட் செயலியே காரணக் குறியைப் பார்த்துத் தமிழில் காட்டினால் அதைவிட நல்லது.

ஸ்ட்ரீமில் அனுப்பும்போது “இஓஎஃப்”

கோவில் செண்ட் இஓஎஃப் தந்தால் ஸ்ட்ரீம் முடிந்துவிட்டது என்று மட்டும் பொருள், ஏன் என்று அது சொல்லாது. உண்மையான ஸ்டேட்டஸ் ரிசீவை அழைத்தால்தான் வரும். செண்டின் பிழையை லாக் செய்துவிட்டுக் கிளம்பும் கோடில், சர்வர் தெளிவாகச் சொன்ன பெர்மிஷன் டினைட் கூட யாருக்கும் தெரியாமல் போகும். இஓஎஃப் கண்டதும் ரிசீவை அழைத்து அந்தப் பிழையைத் திருப்புங்கள்.

இதன் மறுபக்கம், சர்வர் அனுப்பும் ஸ்ட்ரீமில் வேண்டிய ஒரு செய்தி கிடைத்ததும் லூப்பை உடைத்து வெளியேறுவது. ஸ்ட்ரீம் மூடப்படாது, கோரூட்டீன் ஒன்று தங்கிவிடும். மறுமுனையில் சர்வரின் செண்ட், படிக்காத டேட்டாவுக்கான ஃப்ளோ கண்ட்ரோல் ஜன்னல் நிரம்பியதும் அப்படியே நிற்கும், ஸ்ட்ரீமுக்கு எச்டிடிபி2 தரும் தொடக்க அளவு 65535 பைட்தான். பிழை வரும்வரை ரிசீவ் செய்யுங்கள், அல்லது காண்டெக்ஸ்டை ரத்து செய்யுங்கள். பைத்தானில் பதில் இட்டரேட்டரின் கேன்சலை அழைக்க வேண்டும். கேன்சல் ஃபங்க்ஷனை வாங்கிவிட்டுப் பயன்படுத்தாமல் விட்ட இடங்களைக் கோ வெட் என்ற கோடு சோதிக்கும் கருவியின் லாஸ்ட்கேன்சல் சோதனை பிடித்துக் கொடுக்கும், சிஐயில் (தானியங்கிச் சோதனையில்) அதை அணைத்து வைத்திருந்தால் திரும்பப் போடுங்கள்.